ஆட்காட்டியின் மகள் சொன்ன பொய்

கருவேலங்காட்டை ஒட்டி ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் ஓர் ஆட்காட்டிப் பறவை தன் மகள் பொன்காலியோடு வாழ்ந்துவந்தது.

தாய்க்கு வேலை கத்துவது. ஆமாம், கத்துவதேதான்! எருமை வந்தாலும் கத்தும், மனிதன் வந்தாலும் கத்தும், கீரி தலையை நீட்டினாலும் கத்தும். அந்தக் குரலை நம்பித்தான் குளத்துக் கொக்குகளும் தாராக்களும் நிம்மதியாக மேய்ந்தன. அதற்குக் கூலியாக, புழு மிகுந்த ஈரமண்ணை ஆட்காட்டிக்கே விட்டுக்கொடுத்திருந்தன. பொன்காலி வளர்ந்தது அந்தப் புழுக்களைத் தின்றுதான்.

மழை ஓய்ந்ததும் ஒரு தூக்கணாங்குருவிக் குடும்பமும் ஒரு மீன்கொத்திக் குடும்பமும் அங்கே புதிதாகக் குடிவந்தன. அவற்றின் குஞ்சுகள் பொன்காலியோடு ஒட்டிக்கொண்டன.

"எங்க அப்பா வீடு கட்டுறவரு. எந்தக் காத்துக்கும் அறுந்து விழாது!" என்றது தூக்கணாங்குருவிக் குஞ்சு.

"எங்க அம்மா மீன் பிடிக்கிறாங்க. ஒரே பாய்ச்சல்தான்!" என்றது மீன்கொத்திக் குஞ்சு. "உங்க அம்மா என்ன வேலை பாக்குறாங்க, பொன்காலி?"

பொன்காலிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. கத்துகிறாள் என்றா சொல்வது?

"எங்க அம்மா பாடகி!" என்று அடித்துவிட்டது. "வெளியூர்க் குளத்துக்குக் கச்சேரிக்குப் போயிருக்காங்க."

"அடேங்கப்பா!" இரண்டும் வாயைப் பிளந்தன.

அந்த நேரம் பார்த்து ஓர் எருமை கரையில் இறங்கியது. தாய் ஆட்காட்டி தொண்டை கிழியக் கத்தியது.

"யாரு அது, இப்படிக் கத்துறது?" என்று கேட்டது தூக்கணாங்குருவிக் குஞ்சு.

"அதுவா? யாரோ ஒரு பைத்தியம். சும்மா சும்மா கத்தும். நீங்க கண்டுக்காதீங்க!"

சொன்னதும் பொன்காலிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் மற்ற இரண்டும் சிரித்தன. அதுவும் கூடச் சேர்ந்து சிரித்தது. பெற்றவளைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு!

அதன்பின் தாய் கத்தும்போதெல்லாம் தூக்கணாங்குருவிக் குஞ்சு அதேபோல் கத்திக் காட்டும். பொன்காலி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஒரு நாள் மாலை மூன்றும் புல்தரையில் விளையாடிக்கொண்டிருந்தன. தூரத்திலிருந்து தாயின் குரல் வந்தது. எருமைக்குக் கத்துகிற கத்தல் அல்ல அது. முட்டைக்குள் இருந்த காலம்தொட்டே அந்தக் குரலைக் கேட்டுவந்த பொன்காலிக்கு உடனே புரிந்தது. காட்டுப்பூனை! பொன்காலி சட்டென்று மேலே எழும்பியது. மீன்கொத்திக் குஞ்சும் அதைப் பார்த்துக் கிளைக்குத் தாவியது.

தூக்கணாங்குருவிக் குஞ்சு மட்டும் புல்லுக்குள்ளேயே நின்றது. "பைத்தியம்தானே கத்துது! எதுக்கு இப்படிப் பயந்து சாகுறே?" என்று சிரித்தது.

"பைத்தியம் இல்லடா! அது எங்க அம்மா! பூனை வருது, பறந்து வா!"

"உங்க அம்மாவா?" குஞ்சு வியந்துபோய் அண்ணாந்து பார்த்தது. "பாடகின்னு சொன்னியே..."

அவ்வளவுதான். புல் அசைந்தது. பூனை ஒரே தாவலில் குஞ்சைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் மறைந்தது.

தாய் ஆட்காட்டி பறந்து வந்தது. தாய்த் தூக்கணாங்குருவியும் அலறிக்கொண்டு வந்தது. "கூலி வாங்குறியே ஆட்காட்டி, கொஞ்சம் முன்னாடியே கத்தியிருக்கக் கூடாதா? என் பிள்ளை போயிட்டானே!"

மீன்கொத்திக் குஞ்சு தேம்பியது. "அவங்க முன்னாடியே கத்தினாங்க. பொன்காலிதான், அது ஒரு பைத்தியம், கண்டுக்காதீங்கன்னு..."

தாய் ஆட்காட்டி மகளைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஒரு பார்வையில் எல்லாம் அதற்குப் புரிந்துவிட்டது. பிறகு தூக்கணாங்குருவியின் முன்னால் தலையைக் குனிந்தது.

"குழந்தைங்க பேச்சை விடுங்க, அக்கா. நான் இன்னும் கிட்ட வந்து கத்தியிருக்கணும். என் மேலதான் தப்பு."

இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்லப் பொன்காலி வாயைத் திறந்தது. அழுகைதான் வந்தது. மறுநாள் அது தூக்கணாங்குருவியின் கூட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டது. தாய்க்குருவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டுக்குள் போய்விட்டது.

நம்மை வளர்க்கும் பெற்றோரின் தொழிலைச் சொல்ல வெட்கப்பட்டுப் பொய் சொன்னால், அந்தப் பொய் நம்மோடு நிற்காமல் நம்மை நம்பியவர்களையும் காவு வாங்கிவிடும்.