மீராப்பிள்ளையின் காது

"பொய்ச் சத்தியம்னா எது, அசரத்து?"

கேட்டவர் உவைசுத் தண்டேல். பாய்க்கப்பல் நடத்துகிறவர், ஐம்பதைத் தாண்டியவர். அசரத்து கடலோரத் தைக்காவில், அந்தச் சின்னத் தொழுகைக் கூடத்தில், இருக்கும் ஞானாசிரியர். வயதில் தண்டேலுக்கு இளையவர்தான். ஆனாலும் அவர் கையைப் பிடித்துச் சீடரான நாளிலிருந்து, அவர் சொல்லாமல் தண்டேல் அவர் முன்னால் உட்கார்ந்ததில்லை.

அசரத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அது உங்களுக்கே தெரியுமே" என்றார்.

தெரியும். தெரிந்ததுதான் தொந்தரவு. கரை வந்து சேர்ந்ததிலிருந்து தண்டேலுக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் தூக்கமில்லை. நாளை நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் துறைப் பெரியவர்கள் முன்னால் அவர் சத்தியம் செய்தாக வேண்டும்.

நடந்தது இதுதான். அக்கரையிலிருந்து பாக்கும் அரிசியும் ஏற்றிவந்த கப்பல், ஒரு திட்டுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு நின்றபோது காற்று திரும்பிவிட்டது. நங்கூரம் அடியில் பாறையில் மாட்டிக்கொண்டது. தூக்கவும் முடியவில்லை, விட்டு ஓடவும் முடியவில்லை. ஒவ்வோர் அலைக்கும் கப்பலின் முன்பக்கம் தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது. தண்டேல் கோடரியை எடுத்து நங்கூர வடத்தை வெட்டினார். கப்பல் பிழைத்தது, நங்கூரம் கடலோடு போயிற்று.

போனது போகட்டும் என்று எந்தக் கப்பல் முதலாளி விடுவார்? நங்கூரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

அந்தத் துறையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வெட்டுவதற்கு முன், கப்பலில் இருக்கும் சரக்குக்காரர்களிடம் தண்டேல் உரக்கக் கேட்க வேண்டும். "வெட்டட்டுமா?" அவர்கள் "வெட்டு" என்றால் நஷ்டம் எல்லார் தலையிலும் பங்காக விழும்; கேட்டதாகத் தண்டேல் சத்தியமும் செய்ய வேண்டும். கேட்காமல் வெட்டியிருந்தால் தண்டேல் ஒருவர் தலையில் விழும். அதோடு அவரை நம்பி யாரும் இன்னொரு கப்பலைக் கொடுக்க மாட்டார்கள்.

உவைசுத் தண்டேல் கேட்கவில்லை.

கேட்க நேரமில்லை என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். நேரம் இருந்தது. பயந்துவிட்டார், அவ்வளவுதான். வாய் திறக்குமுன் கை கோடரியை ஓங்கிவிட்டது.

அவராக முதலில் பொய் சொல்லவுமில்லை. கரை கண்ட சந்தோஷத்தில் ஒரு வியாபாரி, "நீங்க கேட்டீங்க, நான்தான் மொதல்ல வெட்டுன்னேன்" என்று மார் தட்டினார். உடனே இன்னொருவருக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது. பிறகு எல்லாருக்கும் வந்தது. கீழே வாந்தியெடுத்துக் கிடந்தவர்கூடத் தண்டேலின் குரல் இடிபோல் கேட்டதாகச் சொன்னார். உயிர் பிழைத்தவர்களுக்கு ஞாபகசக்தி அதிகம். தண்டேல் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

பாக்கு வியாபாரி மீராப்பிள்ளை மட்டும், "என் காதுல ஒண்ணும் விழலையே" என்றார்.

அன்றோடு அவர் பிழைப்பு நாறிப்போயிற்று. நஷ்டத்துக்குப் பயந்து பேசுகிறார் என்றார்கள் சிலர். பாவம், காது போய்விட்டது என்றார்கள் நல்லவர்கள். நல்லவர்களிடம்தான் அவர் தோற்றார். கடையில் எடை போடுகிறவன் அவரிடம் கத்திப் பேச ஆரம்பித்தான். வீட்டில் மனைவி கையைக் காட்டிக் காட்டிப் பேசினாள். கடைச் சாவியை மருமகனிடம் கொடுத்துவிடலாமா என்று அவரே யோசிக்கிறாராம்.

நேற்று அவர் தண்டேலின் வீடு தேடி வந்திருந்தார்.

இதைத் தண்டேல் மெல்லத்தான் சொன்னார்.

"'மச்சான், நீங்க மட்டும் சொல்லிடுங்க, வெட்டட்டுமான்னு கேட்டீங்களா, என் காதுதான் போச்சா'ன்னு கேட்டாரு. கேட்டேன்னு சொல்லிட்டேன். இனி மறுத்துப் பேசலைன்னு எழுந்து போயிட்டாரு. வாசப்படி இறங்கும்போது காதைத் தடவிக்கிட்டே போனாரு, அசரத்து."

அசரத்து கீரைக் காம்புகளை ஒதுக்கினார்.

"அலைச் சத்தம். ஒண்ணும் விழல" என்றார்.

எழுந்து வெளியே போனார். தண்டேலும் பின்னால் போனார். அசரத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முழங்கால் ஆழத்தில் நின்று திரும்பினார்.

"அங்கேயே நில்லுங்க. இப்பச் சொல்லுங்க."

தண்டேல் சுற்றுமுற்றும் பார்த்தார். கரையில் யாரும் இல்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னார். மீராப்பிள்ளை வந்ததையும், தான் சொன்ன பதிலையும் சொன்னார்.

அசரத்து கையை விரித்தார். இன்னும் உள்ளே போனார்.

"அவர் கதை வேண்டாம்" என்று அங்கிருந்து கத்தினார். "நீங்க என்ன செஞ்சீங்க?"

"வடத்தை வெட்டினேன்."

"விழல."

"வெட்டினேன், அசரத்து."

"அது ஊருக்கே தெரியும். மிச்சம்?"

தண்டேல் அன்று திட்டுக்குப் பக்கத்தில்கூட இவ்வளவு பயந்ததில்லை. இதைச் சொல்லிவிட்டால் கப்பல் போகும், பெயர் போகும். கரையில் உட்கார்ந்து யாரோ ஓட்டிவரும் கப்பல்களின் பாய்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அசரத்துக்கு இடுப்புவரை தண்ணீர் வந்திருந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் அவர் இன்னும் ஓரடி பின்னால் வைத்தார்.

தண்டேல் அடிவயிற்றிலிருந்து கத்தினார். பாய்மரத்தின் உச்சியில் இருப்பவனுக்கு உத்தரவு போட்டுப் பழகிய குரல்.

"நான் யாரையும் ஒரு வார்த்தை கேக்கல! கேக்காமத்தான் வெட்டினேன்!"

அசரத்து கரைக்கு நடந்து வந்தார். வேட்டியைப் பிழிந்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"இப்ப விழுந்துச்சு" என்றார்.

அவர் தண்டேலைப் பார்த்துச் சொல்லவில்லை. தண்டேலுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னார்.

தண்டேல் திரும்பினார்.

தைக்காவின் சுவரோரம் மீராப்பிள்ளை நின்றிருந்தார். கையில் ஒரு செம்புத் தண்ணீர். காது குணமாக அதில் அசரத்திடம் ஓதி வாங்கிப் போக வந்திருந்தார்.

தண்டேலுக்கு, அவர் ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது.

மீராப்பிள்ளை திட்டவில்லை. செம்பைச் சாய்த்துத் தண்ணீரை மணலில் ஊற்றினார்.

"ஓத வேண்டாம், அசரத்து" என்றார். "காது நல்லாத்தான் இருக்கு."