பலகை மயில்

தூத்துக்குடி மெல்லிசைக் குழு முதலாளி மருதவாணன்தான் அதன் பாடகரும். தன் குரலைத் தவிர வேறெதையும் கேட்கமாட்டார். அவரிடம், பாட்டுக்கு அடியில் 'தும் தும்' என்று அதிரும் பேஸ் கிட்டார் வாசித்தவன் அருளப்பன். பழைய கிட்டார் உடைந்துபோக, இருவரும் கடைக்குப் போனார்கள்.

அருளப்பன் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்து, கனத்த சத்தம் தந்த ஒன்றை எடுத்தான். நிறம்தான் வெறும் பழுப்பு. மருதவாணன் முகம் சுளித்தார்.

"என்னலே, உலக்கை மாதிரி இருக்கு? மேடையில மயில் மாதிரி ஜொலிக்கணும். பேஸ் சத்தம் எவன் காதுல விழப்போவுது?"

"அப்ப கிட்டாரே வேண்டாம், அண்ணாச்சி. பலகையில மயில் செஞ்சு மாட்டிக்கிடுதேன்."

செலவு மிச்சமென்று அண்ணாச்சிக்கு ஒரே குஷி.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் முதல் நாள். அருளப்பன் பலகை மயிலைத் தோளில் மாட்டி, பிரமாதமாக விரல்களை ஆட்டினான். குத்துப்பாட்டுக்கு ஒருத்தரும் ஆடவில்லை. "பாட்டு சவசவன்னு இருக்கே!" என்று கூட்டம் கத்தியது. தர்மகர்த்தா மேடைக்கே வந்துவிட்டார்: "நாளைக்கும் இப்படின்னா மேடை ஏறாதீய."

மருதவாணன் பதறித் திரும்பினார். கையில் மைக் இருப்பதே மறந்துபோனது.

"ஏலே, உன் பேஸ் சத்தம் எங்கலே?"

அருளப்பன் மைக்கருகே குனிந்தான்.

"விரல் ஓயாம வாசிக்கேன், அண்ணாச்சி. எவன் காதுலயும் விழாதுன்னு நீங்கதான சொன்னீய!"

ஊரே சிரித்தது.

மறுநாள் காலையிலேயே பழுப்பு கிட்டார் வந்தது. அருளப்பன் அதன்மேல் பலகை மயிலைத் திருகி மாட்டினான். அன்றைக்கு மயிலைப் பார்த்துப் பிள்ளைகள் கை தட்டினார்கள். கிட்டாரைக் கேட்டுத் தர்மகர்த்தா ஆடினார்.