நான்கு வேப்பங்குச்சிகள்

வெண்கல் மலைக்கு ஒரு வழக்கம். ஐம்பதைத் தாண்டாத பெண்களை அது மேலே கூப்பிடுவதில்லை. சென்னியப்பனின் மனைவி பாவாத்தாள், "அம்பது ஆகட்டும், ரெண்டு பேரும் சேந்து ஏறலாம்" என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாற்பத்தொன்பதில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவளை நெஞ்சில் வைத்தாவது ஒரு தடவை உச்சிக்கு ஏறிவிட வேண்டும். சென்னியப்பனுக்கு வேறு ஆசையில்லை. மூன்று பங்குனி முயன்றார். சர்க்கரை நோய் விடவில்லை; மூன்று தடவையும் இரண்டாவது வளைவிலேயே மூச்சு வாங்கி, கால் துவண்டு, இறங்கி வந்தார். கடைசியில் அடிவாரத்து மடத்தை நடத்தும் நாச்சியம்மாளிடம் சீடராகச் சேர்ந்தார்.

"இனிப்பைத் தொடறதில்லீங்கம்மா. வெடியால எந்திரிச்சு நடக்கறனுங்க. டாக்டரு மாத்திரையைக் கூட்டிட்டாரு. சர்க்கரை மட்டும் எறங்க மாட்டீங்குதுங்க. எங்கீங்க தப்பு?"

நாச்சியம்மாள் ஒரு கொய்யாக்காயை நீட்டினார். "மொதல்ல இதைத் தின்னு."

கடித்தவர் சட்டென்று காயைக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

"கையைத் தொற."

வெள்ளைச் சதையில் பல் பதிந்த இடமெல்லாம் சிவப்பு.

"ஈறுதானுங்க. மூணு வருசமா இப்படித்தான். அது கெடக்குதுங்க, நீங்க ஒடம்பைச் சொல்லுங்க."

"வாயை ஊருல வெச்சுட்டு ஒடம்பை மட்டும் கூட்டீட்டு வந்தியாக்கும்?"

சென்னியப்பன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"ரத்தம் வெளிய வர்ற வழியா உள்ள எதுவும் போகாதுன்னு நெனச்சியா? ஈறுல சேர்ற அழுக்கு ரத்தத்துல கலந்து ஒடம்பெல்லாம் சுத்துது. அப்பறம் சர்க்கரை எப்படி எறங்கும்? பல்லு வெளக்கறதில்லையா?"

"கொப்பளிச்சுத் துப்பிருவனுங்க."

"ஏன்?"

அவர் பையைத் திறந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். உள்ளே நான்கு வேப்பங்குச்சிகள், காய்ந்து கறுத்துப் போயிருந்தன.

"தெனமும் அவதான் ஒடிச்சு, நுனியை நசுக்கி, சொம்புத் தண்ணியோட வெப்பாளுங்க. வெளக்காம வந்தா காப்பி கெடையாதும்பா. இந்த நாலும் அவ போறதுக்கு மொத நாள் ஒடிச்சு வெச்சதுங்க. வாயில வெச்சா தேஞ்சு போயிருமுங்க. வேற குச்சி ஒடிக்கக் கை வரலீங்கம்மா."

நாச்சியம்மாள் குச்சிகளைத் தொடவில்லை. மலையை நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு டவுனுக்குப் போய்ப் பல் டாக்டரைப் பாரு."

"சரிங்கம்மா." முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அப்ப இதைத் தூக்கிப் போடச் சொல்றீங்களா?"

"எதுக்குப் போடற? பத்திரமா முடிஞ்சு வெய்யி. பங்குனியில மேல கொண்டு போ."

நாச்சியம்மாள் எழுந்து முற்றத்துக்குப் போனார். வேப்பமரத்தின் தாழ்ந்த கிளை ஒன்றை எட்டிப் பிடித்து, சென்னியப்பன் கைக்கு எட்டும்படி வளைத்தார்.

"அந்த நாலும் அவ ஏறறதுக்கு. நீ ஏறறதுக்கு ஒண்ணு ஒடி."