சடையன் கூட்டில் கீச்சான் பின்னிய வாசல்

ஏரிக்கரை ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னப் படித்துக்கொண்டிருந்தன. நாலா திசையிலிருந்தும் வந்த இளவட்டங்கள். அதில் சடையன் தூரத்துச் சோளக்காட்டுக் குருவி. அவன் கூட்டத்திலிருந்து படிக்க வந்தது அவன்தான் முதல்.

அங்கே பரீட்சை பொல்லாதது. பாதிக் கூடு முடிந்ததும் பெட்டைக் குருவிகள் வந்து உட்கார்ந்து ஆட்டிப் பார்க்கும். பிடித்தால் மீதியைப் பின்னலாம். பிடிக்காவிட்டால் பழையபடி முதல் நாரிலிருந்து ஆரம்பம்.

சடையனுக்கு மூன்று கூடு போயிற்று. அதற்கப்புறம் அவன் நார் கிழிக்கப் போகவில்லை. இரைக்கும் போகவில்லை. அந்த மூன்றாவது பாதிக் கூட்டுக்குள்ளேயே சுருண்டு கிடந்தான்.

மற்றதுகள் சும்மா இருக்குமா?

"எனக்கு அஞ்சு கூடு போச்சு. நான் படுத்தா கிடந்தேன்?" என்றது ஒன்று.

"சோளக்காட்டாருக்கு உடம்பு வளையாது" என்றது இன்னொன்று.

பக்கத்துக் கிளைக் கீச்சான் சடையனுக்குச் சிநேகிதன். ஓயாத வாய். சடையனின் நெஞ்செலும்பு துருத்துவதை ஒருநாள் பார்த்தான். தன் வேலையைப் போட்டுவிட்டு, ரெண்டு நாள் நாராகக் கிழித்து வந்தான். சடையன் உள்ளே கிடக்க, வெளியிலிருந்தே வாசல்வரை பின்னி முடித்தான்.

"கூடு முடிஞ்சுது. இனி என்னடா கவலை?"

சடையன் மெதுவாகத் தலை தூக்கினான். "ஒரு பருவம் பூரா என்னால ஆகாததை நீ ரெண்டு நாள்ல முடிச்சிட்டே. எனக்கு எழுந்திரிக்கவே முடியலைடா. நான் இல்லாமப் போனா யாருக்கு என்ன குறைன்னு தோணுது."

கீச்சான் உள்ளே நுழைந்து ஒட்டி உட்கார்ந்தான்.

"எப்பலேருந்துடா இப்படி?"

சடையன் சொன்னான். உச்சிவெயில்வரை சொன்னான். கீச்சான் ஒரு புத்திமதிகூடச் சொல்லவில்லை. கடைசியில்தான் கேட்டான்.

"புதர்ல செம்போத்தக்கா இருக்காங்களே, போவமா?"

"அவங்க ஒடிஞ்ச இறக்கைக்குக் கட்டுப் போடுறவங்க. எனக்கு எது ஒடிஞ்சிருக்கு? எல்லாரும் சிரிப்பாங்க."

"எனக்குக் கால் சுளுக்குனப்ப நீதானே கூட்டிட்டுப் போனே? யாரு சிரிச்சா? இப்ப சிரிச்சா என்னையும் சேத்துச் சிரிக்கட்டும்."

ரெண்டு பேரும் போனார்கள். செம்போத்து பச்சிலையை ஒதுக்கி வைத்துவிட்டு முழுசும் கேட்டது.

"இதுவும் நோவுதான் தம்பி. சோம்பல் இல்லை. தினம் வா. தனியா இருக்காதே. இன்னைக்குக் கூட்டை மறந்துட்டு நாலு விதை தின்னு, போதும்."

அன்று சடையனுக்கு ரெண்டு விதைதான் இறங்கியது. மறுநாளும் கீச்சான் கூடவே போனான். அதற்கடுத்த நாளும் போனான்.

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. ரெண்டு மழை பெய்து ஓய்ந்தபின் ஒரு காலையில், சடையன் தானே போய் ஒரு நார் கிழித்து வந்தான். ஒன்றே ஒன்று. கீச்சான் வாயை மூடிக்கொண்டு, நகர்ந்து, புதுக் கூட்டுக்கு அதை முடிச்சுப்போடக் கிளையில் இடம் விட்டான்.

மனசு துவண்டவனுக்கு அவன் வேலையை முடித்துக் கொடுப்பதைவிட, அவன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, வைத்தியம் அறிந்தவரிடம் கூடவே நடப்பதுதான் உதவி.