வெளிப்பக்க வளையம்

டொக்... டொக்... இரும்பைக் கல்லால் இடிக்கும் சத்தம். இரவு நேர இஷா தொழுகை முடிந்து வந்த இருவரும் இருட்டில் நின்றார்கள்.

ஒருவர் பள்ளிவாசல் இமாம் நூஹு லெப்பை. மற்றவர், அவரிடம் குர்ஆன் ஓதக் கற்க வரும் பிச்சைக்கனி. மரக்கடையில் சுமை தூக்குபவர். கற்றுத்தரும் உஸ்தாதைவிட வயதில் மூத்தவர்; அதனால் லெப்பைக்கு அவர் ‘காக்கா’, அண்ணன்.

பிச்சைக்கனி விடுவிடுவென்று போய், சத்தம் வந்த வீட்டுக் கதவைத் தட்டினார். சத்தம் நின்றது. உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது.

“யாரு?” ஒரு பெண்ணின் குரல் நடுங்கியது.

“நான்தான்!”

லெப்பை அவர் தோளைப் பிடித்துக் கதவிடுக்குக்கு நேரே நிற்காமல் சுவரோரம் நகர்த்தினார்.

“அஸ்ஸலாமு அலைக்கும். நான் நூஹு லெப்பை, பள்ளிவாசல் இமாம். கூட இருக்கிறவர் மரக்கடை பிச்சைக்கனி.”

“வ அலைக்குமுஸ்ஸலாம்... நாங்க தெருவுக்குப் புதுசு. கதவு மழையில உப்பிப்போச்சு. தாழ்ப்பாள் சேரலை.”

“இதுக்கா இந்த இடி? உள்ள வந்து ஒரு தள்ளு தள்ளினா ஆச்சு. ஏன் தங்கச்சி, வீட்டுல ஆம்பளை யாரும்...”

லெப்பையின் கை அவர் வாயை மூடியது.

“நாங்க உள்ள வரலைம்மா. வெளியில வளையம் இருக்கு. சொன்னா இழுத்துப் பிடிக்கிறோம், நீங்க உள்ள தாழ்ப்பாளைப் போட்டுக்கலாம்.”

உள்ளே குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

“வேண்டாம். போங்க.”

“சரிம்மா. அல்லாஹ் காப்பாத்துவான்.”

லெப்பை நடந்தார். பிச்சைக்கனிக்குப் பொறுக்கவில்லை. “உதவ வந்தவங்களை விரட்டுறா. உங்களுக்குக் கோபமே வராதா ஹஸ்ரத்?”

“கேட்டோம் காக்கா. பதில் சொல்லிட்டா.”

“அதுக்காக இப்படியே விட்டுட்டுப் போறதா? ராத்திரி முழுக்கத் திறந்த கதவோடயா கிடப்பா?”

லெப்பையின் நடை தளர்ந்தது.

தெருமுனை வருவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

“இமாம்... இமாம்! வளையத்தை இழுக்குறீங்களா?”

திரும்பி வந்தார்கள். பிச்சைக்கனி வாசற்படியில் காலை ஊன்றி, வளையத்தை இரு கையாலும் பிடித்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கதவு முனகியது. உள்ளே தாழ்ப்பாள் கம்பி ஓட்டையைத் தேடித் தடவியது.

“ஹஸ்ரத்,” மூச்சிரைக்கச் சிரித்தார், “இந்தத் தாழ்ப்பாள் நம்மளையும் சேர்த்துத்தானே வெளிய நிறுத்தும்?”

“நம்மளையும் சேர்த்துத்தான். இன்னும் கொஞ்சம் இழுங்க காக்கா.”

அவர் இழுத்தார்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.