ஒரே வாய்க்கால், இரண்டு குளம்

பொளக், பொளக் என்று ஒரு சத்தம். ஆப்பிரிக்கக் கெளுத்தி காற்றைக் குடிக்க நீர்மட்டத்துக்கு வந்து போகும் ஓசை அது. கேட்டுப் பல வருஷமாயிற்று. இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

கொள்ளிடக் கரையில் அண்ணி செல்வாம்பாளுக்கு ஒரு குளம், கொழுந்தன் பவுன்ராஜுக்கு ஒரு குளம். இரண்டும் நிரம்புவது ஒரே வாய்க்காலில். முதலில் ரோகு வளர்த்தார்கள். முள் அதிகம் என்று ஊர் முகம் சுளித்தது. முள் குறைந்த கெளுத்திக்கு மாறினார்கள். ஊர் சப்புக்கொட்டித் தின்றது. அப்போதுதான் அரசாங்கத்துக்குத் தடை நினைவு வந்தது. இந்த மீன் ஆற்றில் கலந்தால் நாட்டு மீனையெல்லாம் தின்றுவிடும். பொங்கலுக்குள் குளத்தில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. உத்தரவுக்குப் பணிந்தவருக்கு விரால் குஞ்சு இலவசம். மீன்வளத்துறையின் கைவசம் இருந்ததோ ஒரே ஒரு குளத்துக்கான குஞ்சு. கிடைக்காதவருக்கு அந்த வருஷம் பிழைப்பில்லை.

பவுன்ராஜ் பெரிய மீன்களைப் பிடித்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தான். மடையைத் திறந்து தண்ணீரை வாய்க்காலில் விட்டான். பொடிக்குஞ்சுகள் தண்ணீரோடு போயின. ஒரே நாளில் குளம் காலி.

செல்வாம்பாள் மடையைத் தொடவில்லை. குளத்துத் தண்ணீரை மோட்டார் வெளியே கொட்டும் குழாய்முனையில் பழைய புடவையை இரண்டாக மடித்துக் கட்டி, வடிகட்டித் தரிசில் இறைத்தாள். பொங்கல் வந்தபோது சேற்றுக்குள் இன்னும் மீன் நெளிந்தது.

மீன்வளத்துறை அதிகாரி வந்து இரண்டு குளத்தையும் எட்டிப் பார்த்தார்.

“என் குளம் துடைச்சு வெச்ச தட்டு மாதிரி இருக்கு சார். அண்ணி இன்னும் புடவை பிழிஞ்சுக்கிட்டு இருக்காங்க” என்றான் பவுன்ராஜ்.

“தட்டுல இருந்ததை எங்க கொட்டினே தம்பி? வாய்க்கால்லதானே?” என்றாள் செல்வாம்பாள்.

“உத்தரவுல குளம்னுதாம்மா போட்டிருக்கு. வாய்க்காலைப் பத்தி ஒண்ணும் இல்லை” என்றார் அதிகாரி.

“அப்ப மீனுக்கும் அதைப் படிச்சுக் காட்டிடுங்க சார்.”

இருவரில் உத்தரவைக் காப்பாற்றியவர் யார்? விரால் குஞ்சு யாருக்குப் போக வேண்டும்?

செல்வாம்பாளுக்குத்தான், ஆனால் அன்றைக்கு அல்ல, சேறு காய்ந்து வெடித்த பிறகு. தடை வந்ததே ஆற்றைக் காக்க. பவுன்ராஜின் குளம் காலியாக இருந்தது அதை நிரப்பும் வரைக்கும்தான். நிரப்பியதோ, கெளுத்திக்குஞ்சு போன அதே வாய்க்காலிலிருந்து. இதைச் சொல்ல ஒரு படிப்பும் வேண்டாம். அதிகாரி விராலைப் பவுன்ராஜுக்கே கொடுத்தார். விராலைக் கெளுத்தி தின்றது. மறு வருஷம் செல்வாம்பாளின் குளத்துக்கும் அந்தத் தண்ணீர்தான் வந்தது. அவள் இப்போது கும்பகோணம் மீன் அங்காடியில், ஊரார் வாங்கும் மீனுக்குச் செதில் சீவிக் கொடுக்கிறாள்.