இதுவரை எங்கும் இல்லாத கருவி

நாட்டின் புத்தாக்கக் கொள்கையை மறுஆய்வு செய்யும் குழுவுக்குத் திருமேனிநாதன் தலைவர். அறுபது வயது. மனதை ஏதாவது குடைந்தால் மலையடிவாரத்து ஆசிரமத்துக்குப் போவார். அங்கே குருவாக இருந்த பூரணி அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

அன்று அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, புதிய கண்டுபிடிப்புகளை வளர்க்கப் பத்து ஆண்டுகளாகக் கொள்கை இருக்கிறது. தனித் துறையே இருக்கிறது. ஆனாலும் புதிதாக எதுவும் வரவில்லை. நம் மக்களுக்கு யோசிக்கத் தெரியவில்லையா?”

“வந்த விண்ணப்பங்களைப் படித்தீர்களா?”

“ஏற்றவற்றைப் படித்தோம். தள்ளியவை எங்கள் ஆய்வு வரம்பில் இல்லை.”

“நீங்களே கையெழுத்துப் போட்டுத் தள்ளியது உண்டா?”

“துறையில் இயக்குநராக இருந்தபோது, நிறைய.”

“அதில் ஒன்றைப் படித்துவிட்டு வாருங்கள்.”

மறுநாள் அவர் பதிவறையில் ஒரு கோப்பைப் பிரித்தார். மரகதவல்லி என்ற பெண் எட்டு ஆண்டுகளுக்கு முன் அனுப்பியது. சாக்கடைக் குழிக்குள் ஆள் இறங்காமல், மேலே நின்றபடியே அடைப்பை எடுக்கும் கருவி. சைக்கிள் செயின், இரும்பு நகங்கள், ஒரு கைப்பிடி. பென்சிலால் படம் வரைந்திருந்தாள்.

கடைசிப் பக்கத்தில் காரணம் இருந்தது: ‘இத்தகைய கருவி இதுவரை எங்கும் பயன்பாட்டில் இல்லை. எனவே நிராகரிக்கப்படுகிறது.’

தவறாகப் படித்துவிட்டோமோ என்று மறுபடி படித்தார். கையெழுத்து அவருடையதேதான்.

அன்று மாலையே கோப்பும் கையுமாக அவள் முகவரியைத் தேடிப் போனார்.

“அந்தத் துறையிலேர்ந்தா சார்?” என்று கேட்ட மரகதவல்லி, பதிலுக்கு நிற்காமல் உள்ளே ஓடினாள். கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துரு ஏறாமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தாள்.

“இன்னும் நல்லா ஓடுது சார். பாருங்க.”

பிடியைச் சுழற்றினாள். நகங்கள் விரிந்து மூடின.

“வீட்டுக்காரர் இல்லையா?” என்றார், வேறு பேச்சுத் தோன்றாமல்.

“அவருக்காகத்தான் சார் செஞ்சேன். வேணாம்னு கடுதாசி வந்துச்சு. ஒப்புதல் இல்லாத கருவிய எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. அடுத்த மாசம் குழியில எறங்குனாரு. மேல வரல.”

மரகதவல்லி கருவியைத் தரையில் வைத்தாள்.

“இப்ப ஒப்புதல் ஆயிருச்சா சார்? என் கொழுந்தனாரும் அந்த வேலைக்குத்தான் போறாரு.”

எப்படித் தெருவுக்கு வந்தார் என்பது அவருக்கே தெரியாது. நேராக ஆசிரமத்துக்குப் போனார். நடந்ததை அம்மையிடம் சொல்லி முடித்தார்.

“விதி அப்படி இருந்தது அம்மா. ஏற்கெனவே எங்காவது ஓடுகிறதா என்று கேட்கச் சொன்னது. கேட்டேன்.”

அம்மை விளக்குத் திரியைத் தூண்டினார்.

“அறிக்கையில் எழுதுகிறேன். அந்த விதியையே எடுக்கச் சொல்கிறேன். தனி அத்தியாயமாகச் சேர்க்கலாம். அடுத்த ஆண்டு சபையில் வைப்பார்கள். ஏற்றுக்கொண்டால், அதற்கடுத்த ஆண்டு...”

அம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“அந்தக் கொழுந்தனுக்கு நாளைக்கு எத்தனை மணிக்கு வேலை?”